மூன்று ரீட் சுவிட்சும் ஒரு எர்த் கேபிளும்

போன மாதம் ஒரே வாரத்தில் ஒரே மெஷினில் மூன்று ரீட் சுவிட்ச் மாற்றினோம். மூன்றாவதை மாற்றிய அன்று ராத்திரி பதினொன்றே காலுக்குப் போன் வந்தது. "அக்கா, மறுபடியும் நின்னுருச்சுங்க." ஷிப்டில் இருந்த பையன். ஐடிஐ முடித்துவிட்டு வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. தான் போட்ட சுவிட்ச்தான் போய்விட்டதோ என்ற பயம் குரலிலேயே தெரிந்தது.

நான் கோவையில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோ, இந்த வேலைக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று. வீடு வடவள்ளி. மருதமலை பக்கம் என்பதால் மயிலும் குரங்கும் எங்களுக்கு அக்கம்பக்கத்தார் மாதிரி. சரி, அந்தக் கதை கடைசியில்.

மெஷின் என்று சொன்னது ஒரு வெல்டிங் ஃபிக்சர். தகட்டை உள்ளே வைத்துப் பட்டனை அமுக்கினால் நான்கு காற்று சிலிண்டர்கள் முன்னால் வந்து தகட்டைக் கெட்டியாகப் பிடிக்கும். பிடித்துவிட்டது என்று தெரிந்தபிறகுதான் பச்சை விளக்கு எரியும், வெல்டர் சிஓடூ டார்ச்சை எடுப்பார். பிடித்ததா இல்லையா என்று பிஎல்சிக்கு, அதாவது மெஷினை நடத்தும் சின்னக் கம்ப்யூட்டருக்கு, சொல்வது ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒட்டியிருக்கும் இரண்டு ரீட் சுவிட்ச்கள். ஒன்று 'முன்னால் போயாச்சு' என்று சொல்லும், இன்னொன்று 'பின்னால் வந்தாச்சு' என்று சொல்லும். இரண்டும் ஒரே நேரத்தில் சொன்னால் அது நடக்க முடியாத காரியம். ஒரே ஆள் கோவையிலும் பொள்ளாச்சியிலும் இருக்கிறான் என்பது போல. பிஎல்சி உடனே மெஷினை நிறுத்திவிட்டு அலாரம் அடிக்கும்.

அதுதான் நடந்துகொண்டிருந்தது. மூன்றாம் நம்பர் சிலிண்டர், பின்பக்கச் சுவிட்ச். சிலிண்டர் கண்ணுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு தகட்டைப் பிடித்திருக்கிறது. பின்பக்கச் சுவிட்ச் 'நான் பின்னால் இருக்கிறேன்' என்கிறது. சுவிட்சை மாற்றினால் சரியாகிவிடும். ஒரு நாள், ஒன்றரை நாள் ஓடும். பிறகு மறுபடி. மூத்த ஃபோர்மேன் அண்ணன், "அம்மிணி, ஒரு எலுமிச்சம்பழத்தைக் கட்டிப் பாரு" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆயுத பூஜைக்குப் பூசணிக்காய் உடைக்கும்போது அந்த மெஷினை விட்டுவிட்டோமாம்.

ரீட் சுவிட்சைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. உள்ளே இருப்பது பேனா ரீஃபில் கனத்தில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய். அதற்குள் நிக்கல் இரும்புக் கலவையில் இரண்டு மெல்லிய தகடுகள், நுனியோடு நுனி ஒட்டாமல், நடுவில் மயிரிழை இடைவெளி. பக்கத்தில் காந்தம் வந்தால் இரண்டு நுனியும் எதிரெதிர்த் துருவமாகி ஒன்றையொன்று இழுத்து ஒட்டிக்கொள்ளும். காந்தம் போனால் தகட்டின் சொந்த விறைப்பு பிரித்துவிடும். அவ்வளவுதான். 1936 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வால்டர் எல்வுட் என்பவர் செய்தது, டெலிபோன் வேலைக்காக. சிலிண்டர் பிஸ்டனில் ஒரு வளையக் காந்தம் இருக்கும். சிலிண்டரின் உடம்பு அலுமினியம் என்பதால் காந்தப்புலம் தடையில்லாமல் வெளியே வரும். வெளியே ஒட்டிய சுவிட்ச் அதைப் பார்த்து மூடிக்கொள்ளும். ஒரு சின்னச் சிவப்பு எல்இடி எரியும். எண்பது வருஷத்துக்கும் மேலாகியும் இந்தக் கண்ணாடிக் குழாயை யாராலும் விலையில் அடித்துக்கொள்ள முடியவில்லை.

மறுநாள் ராத்திரி ஷிப்டுக்கு நானே போனேன். ஒரு வெல்டிங் ஹெல்மெட் வாங்கிப் போட்டுக்கொண்டு, ஃபிக்சருக்குப் பின்பக்கம் ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். பிடித்தது, பச்சை எரிந்தது, ஆர்க் அடித்தது. ஒன்றும் ஆகவில்லை. பத்து பீஸ் போயிற்று. இருபது போயிற்று. கழுத்து வலிக்க ஆரம்பித்துவிட்டது. ஆர்க் வெளிச்சத்தில் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து எல்இடியைப் பார்க்க முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு அட்டைத் துண்டைச் சுருட்டிக் குழாயாக்கி எல்இடி மேல் டேப் போட்டு ஒட்டி, ஆர்க் தெரியாதபடி தலையைத் திருப்பிக்கொண்டு அதன் வழியாகப் பார்த்தேன். இப்போது தெரிந்தது. ஆர்க் பிடிக்கும்போதெல்லாம் அந்தப் பின்பக்கச் சுவிட்ச் லேசாகத் துடிக்கிறது. மினுக், மினுக். பிஎல்சி கண்ணில் படாத அளவுக்குச் சின்னத் துடிப்பு. தடிமனான தையல் போடும்போது கரண்டை ஏற்றுவார்கள் இல்லையா, அப்போது நின்று எரிகிறது. மெஷின் நிற்கிறது.

டார்ச் லைட் அடித்துப் பின்னால் பார்த்தேன். வெல்டிங் கரண்ட் மெஷினுக்குத் திரும்பி வரும் எர்த் கேபிள், கட்டைவிரல் கனம், சிலிண்டர் உடம்போடு ஒட்டி மேலே போகிறது. மூன்று இடத்தில் கேபிள் டை. ரொம்ப அழகாகக் கட்டியிருந்தார்கள்.

விஷயம் இதுதான். இரண்டு வாரத்துக்கு முன் ஃபைவ் எஸ் ஆடிட், வேலை செய்யும் இடம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பது. தரையில் கிடக்கும் கேபிளையெல்லாம் தூக்கிக் கட்டச் சொன்னார்கள். எங்களுக்கு முழு மார்க் கிடைத்தது. நாங்கள் சுவிட்சை மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் கை போக இடம் வேண்டுமென்று அந்த டையை வெட்டிக் கேபிளை ஒதுக்கியிருக்கிறோம். சுவிட்ச் 'சரியாகிவிட்டது'. அடுத்த ஷிப்டில் யாரோ நல்ல பிள்ளை வந்து, கேபிள் தொங்குகிறதே என்று மறுபடி கட்டியிருக்கிறார்.

பையனைக் கூப்பிட்டு ஒரு சின்னக் கணக்குப் போட்டுக் காட்டினேன். நேராகப் போகும் கம்பியில் 250 ஆம்பியர் ஓடினால் இரண்டு சென்டிமீட்டர் தள்ளிக் காந்தப்புலம் 2.5 மில்லிடெஸ்லா. பூமியின் காந்தப்புலம் நம் பக்கத்தில் ஏறக்குறைய 0.04 மில்லிடெஸ்லா. அதாவது பூமியைப் போல அறுபது மடங்குக்கு மேல், கேபிளை ஒட்டி. இந்த மாதிரிச் சுவிட்ச் ஒட்டுவதற்குச் சில மில்லிடெஸ்லா போதும். பிஸ்டனில் இருக்கும் காந்தத்துக்குப் பதில் கேபிள் அதை மூடிவிடுகிறது.

"அப்ப சுவிட்சு மேல தப்பே இல்லைங்களாக்கா?"

"இல்ல தம்பி. பக்கத்துல காந்தம் இருக்குதுன்னு சொல்லுச்சு. இருந்துச்சு."

நம்பாத முகத்தோடு நின்றான். என் போனில் காந்தப்புலம் காட்டும் ஆப் ஒன்று இருக்கிறது. திறந்தால் முந்நூற்றுச் சொச்சம் காட்டியது, வெல்டிங் நடக்காதபோதே. ஒரு நிமிஷம் எனக்கே குழப்பம். அப்புறம்தான் போன் உறையின் மூடியில் காந்தம் இருப்பது ஞாபகம் வந்தது. உறையைக் கழற்றினேன். 40 ஐ ஒட்டி வந்து நின்றது, மைக்ரோடெஸ்லாவில். கோவையில் இருக்கவேண்டிய எண் அதுதான். கேபிளிலிருந்து ஒரு அடி தள்ளிப் பிடிக்கச் சொல்லி வெல்டரை ஆர்க் அடிக்கச் சொன்னேன். எண் இருநூறை நோக்கி ஏறியது, ஆர்க் நின்றதும் விழுந்தது. பையன் நாலு தடவை அடிக்கச் சொல்லிப் பார்த்தான். வெல்டர் சலித்துக்கொண்டார்.

பரிகாரம் காசில்லாதது. எர்த் கேபிளை அவிழ்த்து, டார்ச் கேபிளோடு சேர்த்து, இரண்டையும் ஒன்றாகக் கட்டி வேறு பக்கமாகக் கொண்டுபோனோம். ஒன்றில் போகிற கரண்ட்தான் மற்றதில் திரும்பி வருகிறது. இரண்டும் ஒட்டிப் போனால் ஒன்றின் புலத்தை மற்றது பெரும்பாலும் அடித்துவிடும். வெல்டிங் புலத்துக்கு அசையாத சுவிட்ச் என்று தனியாக விற்கிறார்கள், விலை பல மடங்கு. வாங்கலாம்தான். ஆனால் கேபிளை நகர்த்தினாலே போதும் என்கிற இடத்தில் அதை வாங்குவது எனக்குப் பிடிக்காது.

இந்த இருபத்திரண்டு வருஷத்தில் காந்தம் பார்க்கும் சென்சார் எதுவும் என்னிடம் பொய் சொன்னதாக நினைவில்லை. செத்துப்போயிருக்கிறது, ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதெல்லாம் உண்டு. ஆனால் தொந்தரவு கொடுத்த சென்சார்களில் பாதிக்கு மேல் கேட்டதற்கு மேலேயே பதில் சொன்னவை. பிஸ்டன் எங்கே என்று கேட்டால் பக்கத்து வெல்டிங்கையும் சேர்த்துச் சொல்லும். வடக்கு எது என்று கேட்டால் போன் உறையையும் சேர்த்துச் சொல்லும்.

போன் உறை என்றதும் அப்பா. அவருக்கு நாலு வருஷமாக பேஸ்மேக்கர். டாக்டர் கொடுத்த அறிவுரைகளில் ஒன்று, போனைச் சட்டைப் பையில் வைக்காதீர்கள் என்பது. அப்பா சட்டைப் பையைத் தவிர வேறெங்கும் போன் வைக்காத ஆள். ஏன் என்று நான் சொன்னபிறகுதான் கேட்டார். பேஸ்மேக்கருக்குள் காந்தத்துக்காகவே காத்துக்கொண்டு ஒரு சென்சார் இருக்கிறது. பழையவற்றில் இதே ரீட் சுவிட்ச். இப்போது வருவதில் ஹால் சென்சார் மாதிரி, காந்தத்தை உணரும் சின்னச் சிப்புகள். ஆபரேஷன் நேரத்திலோ பரிசோதனையிலோ டாக்டர் நெஞ்சின் மேல் ஒரு காந்தத்தை வைத்தால், பேஸ்மேக்கர் இதயம் துடிக்கிறதா என்று பார்ப்பதை விட்டுவிட்டு ஒரே சீராக அடிக்கத் தொடங்கும். வேண்டுமென்றே வைத்த வசதி. ஆனால் நெஞ்சுக்குள் இருக்கும் அதற்கு, மேலே வந்தது டாக்டரின் காந்தமா போனின் காந்தமா என்று தெரியாதே. இப்போது வரும் போன்கள் பலவற்றில் சார்ஜர் ஒட்டுவதற்கென்று பின்னால் வளையமாகக் காந்தம் வைக்கிறார்கள். பதினைந்து சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள் என்பது கணக்கு. அப்பாவுக்கு நான் ஒரு ஜோல்னாப் பை தைத்துக் கொடுத்தேன். காந்த மூடி இல்லாத உறையும் வாங்கிக் கொடுத்தேன். பையைத்தான் அடிக்கடி மறந்துவிடுகிறார்.

போனுக்குள் இருக்கும் திசைகாட்டிச் சிப் பெரும்பாலும் அரிசி மணியை விடச் சின்னது. நிறையப் போன்களில் அது ஹால் விளைவில் வேலை செய்கிறது. எட்வின் ஹால் அதைக் கண்டபோது இருபத்து நாலு வயதுகூட நிரம்பவில்லை. 1879 அக்டோபர், பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம். கண்ணாடித் தகட்டின் மேல் மெல்லிய தங்க ரேக்கை ஒட்டி, அதில் மின்சாரம் ஓடவிட்டு, குறுக்கே காந்தத்தை வைத்தார். ரேக்கின் இரண்டு ஓரத்துக்கும் நடுவே மிகச் சின்ன மின்னழுத்தம் வந்தது. காந்தம் ஓடும் மின்சாரத்தை ஒரு பக்கமாக ஒதுக்குகிறது என்று அர்த்தம். அதில் எனக்குப் பிடித்தது, எலக்ட்ரான் என்ற ஒன்று இருப்பது 1897 இல்தான் தெரிய வந்தது. எது ஒதுங்குகிறது என்று தெரியாமலே ஒதுங்குவதை அளந்திருக்கிறார். முதலில் தடித்த உலோகத்தில் செய்து ஒன்றும் வராமல், பிறகுதான் தங்க ரேக்குக்குப் போனார். நம் ஊரில் சாமி படத்துக்கு ஒட்டுகிற மாதிரி ரேக்.

தங்கத்தில் வரும் சமிக்ஞை ஒன்றுக்கும் உதவாத அளவு சின்னது. குறைக்கடத்திகள் வந்தபிறகுதான் அது கடைச்சரக்காயிற்று. இன்றைக்கு ரோட்டில் சத்தமில்லாமல் போகிற எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்களில் பலவற்றின் பின்சக்கரத்துக்குள், சக்கரம் எந்த நிலையில் இருக்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்ல, மூன்று ஹால் சென்சார் இருக்கும். எங்கள் வீட்டுக்காரரின் ஸ்கூட்டரில் அது போன ஐப்பசி மழையில் போயிற்று. கம்பெனி வாரண்டியும் முடிந்திருந்தது. கிளம்பும்போது கட் கட் என்று உதறும், காலால் ஒரு தள்ளு கொடுத்தால் ஓடும். மெக்கானிக் கடையில் பார்த்ததுமே, "ஹால் போயிருச்சுங்க, மோட்டாரையே மாத்திரலாம்" என்றார். மோட்டார் விலை கேட்டதும் இவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்தோம். ஹால் ஒயர் ஐந்து: சிவப்பு, கறுப்பு, மஞ்சள், பச்சை, நீலம். சிவப்பும் கறுப்பும் ஐந்து வோல்ட் சப்ளை. மற்ற மூன்றும் சமிக்ஞை. சாவியைப் போட்டு, மீட்டர் முள்ளைப் பின்னாலிருந்து கனெக்டருக்குள் சொருகி, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு ஒயரும் பூஜ்யத்துக்கும் ஐந்துக்கும் மாறி மாறிப் போகவேண்டும். மஞ்சள் போயிற்று, பச்சை போயிற்று. நீலம் எப்படிச் சுற்றினாலும் ஐந்திலேயே நின்றது. மூன்று சென்சாரும் சேர்ந்து ஆறு விதமாகத்தான் பேச முடியும். மூன்றுமே ஒன்று, அல்லது மூன்றுமே பூஜ்யம் என்பது வரவே கூடாத சொல். நீலம் ஒன்றிலேயே நின்றதால் மற்ற இரண்டும் ஒன்றாகும்போதெல்லாம் அந்தக் கூடாத சொல் வந்துவிடும். கன்ட்ரோலர் கையை எடுத்துவிடும். எங்கள் ஃபிக்சரின் பிஎல்சி செய்த அதே காரியம்.

சக்கர மோட்டாரைத் திறப்பது லேசுப்பட்டதல்ல. உள்ளே வட்டமாகக் காந்தத் துண்டுகள். நடுவில் இருக்கும் இரும்பு ஸ்டேட்டரை விடவே விடாது. இழுத்தால் வராது, வந்தால் திடீரென்று திரும்பப் போய் ஒட்டிக்கொள்ளும். நடுவில் என் இடது கை மோதிர விரல் இருந்தது. நகம் கறுத்துப் போய் மூன்று மாதம் ஆயிற்று விழ. ஒயர் நுழையும் ஆக்சில் ஓட்டை வழியாகத் தண்ணீர் போயிருக்கிறது. ஸ்டேட்டர் ஓரமெல்லாம் துரு. புது ஹால் சென்சாரை 41எஃப் என்று கேட்டால் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கொடுப்பார்கள், மூன்று கால் வைத்த கறுப்புப் பொட்டு. மூன்றையும் சேர்த்தே மாற்றினேன். ஒன்று போன தண்ணீரில் மற்ற இரண்டும் எத்தனை நாள் தாங்கும். முகம் திருப்பாமல் பழையது இருந்த மாதிரியே வைக்க வேண்டும், திருப்பி வைத்தால் சமிக்ஞை தலைகீழாகிவிடும். வண்டி இன்றுவரை ஓடுகிறது.

சரி, எர்த் கேபிளை நகர்த்தியது போல, பக்கத்தில் உள்ள தொந்தரவை விட்டு விலகுவதுதான் விஷயம். அதில் எனக்கு மிகவும் பிடித்த கதை பம்பாயில் நடந்தது. கொலாபா ஆய்வகத்தில் 1841 முதல் பூமியின் காந்தப்புலத்தை அளந்து வந்தார்கள். தொங்கவிட்ட காந்தம் எவ்வளவு திரும்புகிறது என்பதைத் தொலைநோக்கி வழியாகக் கண்ணால் பார்த்து எழுதிக்கொள்வது, மணிக்கு மணி, ராத்திரி பகலாக. நூற்றாண்டு முடியும்போது ஊருக்குள் எலெக்ட்ரிக் டிராம் வரப்போகிறது என்றார்கள். டிராம் ஓடினால் தண்டவாளத்தில் கரண்ட் ஓடும். முள் பூமியைப் பார்க்காது, டிராமைத்தான் பார்க்கும். அப்போது பொறுப்பில் இருந்தவர் நானாபாய் மூஸ், அந்த ஆய்வகத்தின் முதல் இந்திய இயக்குநர். கடலுக்கு அந்தப் பக்கம் அலிபாகில் காந்தத்தன்மை இல்லாத போர்பந்தர் கல்லைக் கொண்டு, இரும்பைத் தவிர்த்து, புதிய ஆய்வகம் கட்டினார். 1904 இல் அங்கே அளக்க ஆரம்பித்து, இரண்டு வருஷம் இரண்டு இடத்திலும் சேர்த்தே அளந்து ஒப்பிட்டுப் பார்த்தபிறகுதான் கொலாபாவை நிறுத்தினார்கள். டிராம் 1907 இல் ஓடியது. பழைய கருவியைக் கழற்றுவதற்கு முன் புதியதோடு இரண்டு வருஷம் சேர்த்து ஓட்டிப் பார்ப்பது! எங்கள் கம்பெனியில் இரண்டு மணி நேரம் கேட்டால் புரொடக்‌ஷன்காரர்கள் முறைப்பார்கள்.

அந்தக் கொலாபா ஏட்டில் 1859 செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. சூரியனில் வெடித்த வெடிப்பு பூமியை வந்து அடித்த நேரம். காரிங்டன் புயல் என்பார்கள். காந்தப்புலத்தின் கிடைமட்டப் பகுதி ஏறக்குறைய 1600 நானோடெஸ்லா விழுந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தந்திக் கம்பிகள் தறிகெட்டுப் போன புயல் அது. 1600 நானோ என்றால் 1.6 மைக்ரோ. என் போன் 40 காட்டுகிறது என்றேனே, அதில் 1.6. மேசையில் சாவிக்கொத்தை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்த்தினாலே போனில் அதற்கு மேல் ஆடும். நூற்று அறுபது வருஷத்துக்கு முன் ஒருவர் கண்ணால் பார்த்து எழுதியதை என் போன் கவனிக்கவே கவனிக்காது. கருவி எவ்வளவு நுட்பமானது என்பது மட்டுமில்லை, மேசையில் சாவிக்கொத்து இல்லாமல் இருப்பதும் வேலையில் சேர்த்திதான்.

மாமியார் ஊர் திருநெல்வேலி. அந்தப் பக்கம் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் ஒன்று இருக்கிறது. அது அங்கே இருப்பதற்குக் காரணம் உண்டு. காந்த முள்ளை மேலும் கீழும் ஆடும்படி தொங்கவிட்டால் லண்டனில் மூக்கைத் தரையில் குத்தப் பார்க்கும். நம் தென்கோடியில் ஏறக்குறைய மட்டமாகப் படுத்துக்கொள்ளும். காந்த நிலநடுக்கோடு அதை ஒட்டிப் போகிறது. அந்தக் கோட்டுக்கு மேலே நூறு கிலோமீட்டர் சொச்சம் உயரத்தில் பகல் நேரத்தில் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. கீழே தரையில் வைத்த சென்சாரில் மதியம் எண் ஏறி, ராத்திரி இறங்கிவிடும். திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பாவில் 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவிலிருந்து முதல் ராக்கெட் விட்டதும் இந்தக் கோட்டை ஒட்டிய இடம் என்பதால்தான். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே ஜான் ஆலன் பிரௌன் என்கிற ஸ்காட்லாந்துக்காரர் திருவிதாங்கூர் மகாராஜாவின் செலவில் திருவனந்தபுரத்திலும் அகத்தியர் மலை உச்சியிலும் காந்தம் அளந்திருக்கிறார். அட்டைக்கடியோடு எப்படி அந்த மலைக்குக் கருவியைத் தூக்கிப் போனார்களோ. அந்த மலையடிவாரத்தில் நடந்து பார்த்தவர்களுக்குத்தான் அது புரியும்.

சூரியனை ஆராய இஸ்ரோ அனுப்பிய ஆதித்யா எல்1 சமாச்சாரமும் இதே ரகம்தான். விண்கலத்தில் ஒயர் இருக்கிறது, கரண்ட் ஓடுகிறது, அதற்கென்று சொந்தக் காந்தப்புலம் இருக்கிறது. அளக்க வேண்டியதோ சூரியனிலிருந்து வரும் சில நானோடெஸ்லா. அதனால் சென்சாரை ஆறு மீட்டர் நீளக் கம்பத்தில் வெளியே நீட்டினார்கள், 2024 ஜனவரி 11 அன்று. 132 நாள் மடங்கிக் கிடந்த கம்பம் சுமார் ஒன்பது நொடியில் விரிந்தது. கம்பத்தில் இரண்டு சென்சார்: ஒன்று மூன்று மீட்டரில், ஒன்று ஆறு மீட்டரில். தொந்தரவு விண்கலத்திலிருந்து வருகிறது என்றால் கிட்டத்தில் இருப்பதற்கு அதிகமாகவும் எட்டத்தில் இருப்பதற்குக் குறைவாகவும் தெரியும். சூரியனிலிருந்து வருவது இரண்டுக்கும் ஒரே மாதிரி. கழித்துக்கொள்ளலாம். அந்தச் சென்சாரின் வகை ஃப்ளக்ஸ்கேட். சட்டென்று காந்தமாகிற ஒரு உலோகத்தைச் சுருளால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிக் காந்தமாக்குவது. வெளியே புலம் இருந்தால் ஒரு பக்கம் கொஞ்சம் சீக்கிரம் நிறைந்துவிடும், அந்தச் சமமின்மைதான் அளவு. இரண்டாம் உலகப் போரில் விமானத்திலிருந்து நீர்மூழ்கிக் கப்பலைத் தேடியதும் இதை வைத்துத்தான்.

கல்பாக்கம் இன்னொரு கோடி. அங்கே இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் ஸ்க்விட் என்ற சென்சாரைச் செய்து, இதயமும் மூளையும் வெளிவிடும் காந்தப்புலத்தை அளக்கிறார்கள். திரவ ஹீலியத்தில், மைனஸ் 269 டிகிரியில் முங்கிக் கிடக்கிற சென்சார். மூளையின் புலம் பூமியுடையதில் சுமார் நாற்பது கோடியில் ஒரு பங்கு. இவ்வளவு சின்னதை அளக்க நோயாளியைத் தனி அறைக்குள் படுக்க வைக்கிறார்கள். சுவர் அடுக்கடுக்காகக் காந்தத்தைத் தடுக்கும் உலோகம். வெளியே போகிற லாரிகூட உள்ளே தெரியக்கூடாது. பார்க்க ஆசை, இதுவரை வாய்க்கவில்லை.

கொஞ்சம் சில்லறை விஷயங்கள். எண்ணெய்க் குழாய்க்காரர்கள் குழாய்க்குள் 'பிக்' என்று ஒன்றை விடுவார்கள், பன்றியேதான் பெயர். அது பலமான காந்தத்தால் இரும்புச் சுவரை நிறைத்துக்கொண்டே போகும். சுவர் அரித்துப்போன இடத்தில் புலம் வெளியே கசியும். சுற்றிலும் வைத்த ஹால் சென்சார்கள் அதைக் குறித்துக்கொள்ளும். மண்ணைத் தோண்டாமல் ஓட்டை விழப்போகிற இடம் தெரிந்துவிடும். கரண்ட் மீட்டரில் காந்தம் வைத்தால் பில் குறையும் என்று இன்னும் நம்புகிறவர்கள் உண்டு. இப்போதைய மின்னணு மீட்டர்களில் அதைப் பிடிக்கவே சென்சார் வைத்து, தேதி நேரத்தோடு எழுதி வைத்துவிடுகிறார்கள். செய்யாதீர்கள்.

ஃபிக்சர் நிற்காமல் ஓடுகிறது. பையன் கேபிள் பக்கத்தில் ஒரு போர்டு எழுதி மாட்டியிருக்கிறான்: 'இங்கு கேபிள் கட்டாதீர்'. அடுத்த ஆடிட்டில் போர்டு அதிகப்படி என்று மார்க் குறைப்பார்களா என்று தெரியவில்லை. கழற்றிய மூன்று சுவிட்சையும் மேசையில் வைத்து, ஒரு துண்டுக் காந்தத்தைக் காட்டிப் பார்த்தேன். மூன்றும் சுத்தமாக எரிந்தன. ஸ்டோரில் திருப்பிக் கொடுக்கப் போனால், "எழுதி வெட்டினதை எப்படிங்க மேடம் மறுபடி ஏத்தறது? கணக்கு இடிக்குமுங்க" என்றார். ஸ்கிராப்பில் போடச் சொன்னார். மனசு வரவில்லை. எழுத்துமூலம் கேட்டு, ஸ்கிராப் விலை கட்டி எடுத்துக்கொண்டேன்.

இரண்டு சுவிட்ச் என் டிராயரில் இருக்கின்றன. மூன்றாவது எங்கள் மொட்டை மாடிக் கதவு நிலையில். கதவில் ஒரு காந்தம், ஒரு பன்னிரண்டு வோல்ட் அடாப்டர், சின்ன ரிலே, ஒரு பஸ்ஸர். கதவு திறந்து கிடந்தால் கத்தும். மாடியில் வடகம் காயப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்தே விட்டு வருவது மாமியார் வழக்கம். பஸ்ஸர் வந்தபிறகு கதவு ஒரு நாள்கூடத் திறந்து கிடக்கவில்லை. குரங்குகள் இப்போது சமையலறை ஜன்னல் வழியாக வருகின்றன.